பலகையில் கட்டிய சிவப்புத் துணி

அத்தியாயம் 11

திங்கட்கிழமை ஒரு தடவை. புதன்கிழமை ஒரு தடவை. மூன்றாவது தடவை நடக்க விடுவதில்லை என்று முடிவுகட்டிக்கொண்டுதான் வெள்ளிக்கிழமை காலை ஆறு இருபதுக்கே அண்ணி டெப்போவுக்குள் நுழைந்தாள்.

வீட்டில் நாத்தனாருக்கு மட்டும்தான் அவள் அண்ணி. டெப்போவில் கண்டக்டர், பதினோரு வருட சர்வீஸ். ஆனால் இந்தக் கதை தொடங்கிய நாளிலிருந்து அவள் பார்ப்பதெல்லாம் அண்ணி வேலையாகவே இருப்பதால் நாமும் அப்படியே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

நாத்தனாருக்கு வீட்டில் வைத்த பெயர் வாலு. வயது இருபத்து நான்கு. பிறந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது. இடுப்புக்கு மேலே, குறிப்பாக வாயில், நாலு பேருக்கான அசைவு உண்டு. பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலிதான் அவளுக்குக் கால். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை கிடைத்து நாற்பது நாள் ஆகிறது. இரண்டு மாதம் தற்காலிகம். அதற்குள் மூன்று நாள் தாமதமாக வந்தால் வர வேண்டாம் என்று முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார். இரண்டு நாள் ஆகிவிட்டது.

தாமதத்துக்குக் காரணம் வாலு இல்லை. பலகை.

அந்தத் தடத்தில் தாழ்தள பஸ் இரண்டே இரண்டு. நடு வாசலில் மடித்து வைத்திருக்கும் இரும்புப் பலகையை விரித்துத் தரையில் சாய்த்தால் நாற்காலி தானாக ஏறிவிடும். காலை முதல் பஸ் அண்ணியுடையது. அதை விட்டால் அடுத்தது ஒன்பது மணிக்குத்தான். கடை திறப்பதோ எட்டரைக்கு. மற்ற பஸ்ஸில் தூக்கி ஏற்றலாமே என்றால் அந்த நாற்காலியை நாலு பேர் சேர்ந்தாலும் தூக்கிப் படியேற்ற முடியாது. "ஆளை மட்டுமாவது தூக்கி உக்கார வைக்கலாமே" என்று திங்கட்கிழமை ஒரு புண்ணியவான் கேட்டதற்கு, "வேணாண்ணே, அப்புறம் லக்கேஜ் டிக்கெட் கேப்பாங்க," என்று வாலு சொல்லி அனுப்பிவிட்டாள்.

பலகை பழுதானால் மெக்கானிக் அதன் கொக்கியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவார். டெப்போவில் அந்தத் துணிக்குத் தனி மரியாதை. மெக்கானிக் கட்டியதை மெக்கானிக்தான் அவிழ்க்க வேண்டும். கண்டக்டரோ டிரைவரோ கை வைத்தால் மெமோ. ஒரு தடவை பலகை பாதியில் மடங்கி ஒருவர் விழுந்து கை உடைந்த பிறகு வந்த விதி என்பதால் யாரும் அதோடு விளையாடுவதில்லை.

திங்களும் புதனும் அந்தத் துணி கட்டியிருந்தது. முதல் நடை முடிந்து பஸ் டெப்போவுக்குத் திரும்பியதும் அவிழ்ந்தும் போயிருந்தது. வாலு ஏற வேண்டிய நடைக்கு மட்டும் கெட்டுப்போய், மற்ற நடைகளுக்கெல்லாம் நல்லபிள்ளையாக இருக்கும் பலகை எந்த ஊரில் உண்டு? அங்கேதான் அண்ணிக்குப் பொறி தட்டியது.

சந்தேகம் முழுவதும் டிரைவர் மேல்தான். டெப்போவே அவரை நிமிஷம் என்றுதான் கூப்பிடும். இருபது வருடத்தில் ஒரு நடைகூடத் தாமதமில்லை என்று வாங்கிய பாராட்டுக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கும் மனிதர். வாலு முதன்முதலாக ஏறிய அன்றே, "பலகையை விரிச்சு மடிக்க ரெண்டரை நிமிஷம்," என்று முணுமுணுத்தவர். அவரைத் தவிர யாருக்கு இதில் லாபம்?

வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னார். அவர் அதே டெப்போவில் இரவு ஷிஃப்ட் மெக்கானிக். வாலுவின் கூடப்பிறந்த அண்ணன். புதன்கிழமை அண்ணி புலம்பியபோது, "அந்த ஆளப் பத்திதான் உனக்கே தெரியுமே," என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதே அண்ணிக்கு ஊர்ஜிதமாகப் பட்டது.

பஸ் நாலாவது வரிசையில் நின்றுகொண்டிருந்தது. கொக்கியில் துணி இல்லை. அண்ணி பலகையை விரித்தாள். மேலே ஏறி நின்று, யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, இரண்டு தடவை குதித்தாள். துளி ஆட்டம் இல்லை.

"என்னம்மா, காலங்காத்தால உடற்பயிற்சியா?"

நிமிஷம் சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தார்.

"பலகை நல்லா இருக்கான்னு பாத்தேன் அண்ணே. நல்லாத்தான் இருக்கு," என்றாள் அண்ணி, கடைசி வார்த்தையைக் கொஞ்சம் அழுத்தி.

"நல்லா இருந்தா சந்தோஷம்."

சந்தோஷப்பட்ட முகமாக அது தெரியவில்லை. ஆனால் அந்த முகம் சம்பள நாளிலும் அப்படித்தான் இருக்கும்.

பலகையை மடித்துக் கொக்கியை மாட்டிவிட்டு, டிக்கெட் மெஷின் வாங்க அண்ணி ஆபீசுக்குப் போனாள். வரிசையில் எட்டு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு கதை, ஒரு கையெழுத்து. நின்ற இடத்திலிருந்து கழுத்தை நீட்டினால் பஸ்ஸின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது. அவள் கழுத்தை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

மெஷினோடு திரும்பி வரும்போது ஏழடிக்க ஐந்து நிமிடம். கொக்கியில் சிவப்புத் துணி தொங்கிக்கொண்டிருந்தது.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட திருப்திதான் முதலில் வந்தது.

"யாருண்ணே கட்டினது?"

நிமிஷம் பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எத?"

"அந்தத் துணிய. இருபது நிமிஷத்துக்கு முன்னாடி நான் ஏறிக் குதிச்ச பலகை. நீங்களும் பாத்தீங்க."

"மெக்கானிக் வந்து கட்டிட்டுப் போனாரு."

"எந்த மெக்கானிக்?"

நிமிஷம் துடைப்பதை நிறுத்தினார். அவளை ஒரு தடவை பார்த்தார். மறுபடி துடைக்க ஆரம்பித்தார். "உன் வீட்டுக்காரர்தாம்மா."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொய் சொல்வதற்கும் ஒரு அளவு வேண்டாமா? வீட்டுக்காரருக்கு ஆறு மணியோடு ஷிஃப்ட் முடிந்துவிடும். இந்நேரம் வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருப்பார். இந்த ஆளை எதிரில் வைத்துக்கொண்டே முகத்திரையைக் கிழித்துவிடலாம் என்று போனை எடுத்தாள்.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"வீட்டுலதான். ஏன்?"

"வாலு கிளம்பிட்டாளா?"

"இப்பதான் தலை சீவிக்கிட்டிருக்கா. கிளம்பிடுவா."

"நீங்க காலையில டெப்போவுல..." என்று அண்ணி ஆரம்பித்தபோது ஏழு மணிச் சங்கு ஊதியது. டெப்போ கூரைமேல் இருக்கும் பெரிய சங்கு. நாள் தவறாமல் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன சத்தம். ஆனால் வீடுவரை எட்டாது.

அன்றைக்கு அது இரண்டாகக் கேட்டது. இடது காதில் நேராக. வலது காதில், போனுக்குள்ளிருந்து.

சங்கு ஓயும்வரை இருவரும் பேசவில்லை. ஓய்ந்த பிறகு அவர், "சரி, அப்புறம் பேசறேன்," என்று வைத்துவிட்டார்.

அண்ணி போனைப் பார்த்தபடி நின்றாள். கல்யாணமாகி ஒன்பது வருடம். உப்புச் சப்பில்லாத விஷயத்துக்குக்கூடப் பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று தன் அக்கா தங்கைகளிடம் பீற்றிக்கொண்டவள் அவள். தலை சீவிக்கொண்டிருக்கிறாளாமே. எவ்வளவு அழகாக ஒரு சீப்பைக்கூடச் சேர்த்துக்கொண்டார்.

"ஏழு பத்து ஆகப் போகுது," என்றார் நிமிஷம். "ஏறும்மா."

வழியெல்லாம் அவள் கை டிக்கெட் கிழித்தது. மனம் வேறெங்கோ கிழிந்துகொண்டிருந்தது. தங்கைக்கு வேலை கிடைத்த அன்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தவர், அந்த வேலைக்கு ஏன் உலை வைக்கிறார்? ஒருவேளை பலகையில் உண்மையாகவே ஏதோ கோளாறு இருந்து, அவர் கண்ணுக்கு மட்டும் பட்டிருந்தால்? அப்படியானால் வீட்டில் இருக்கிறேன் என்று ஏன் சொல்ல வேண்டும்?

ஏழு முப்பத்திரண்டுக்கு வாலுவின் நிறுத்தம் வந்தது.

வாலு நடைபாதை ஓரத்தில், வழக்கமான இடத்தில், மடியில் பையோடு காத்திருந்தாள். பஸ் வந்ததும் அவள் பார்வை முகங்களுக்குப் போகவில்லை. நேராகக் கொக்கிக்குப் போனது. துணியைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் நாற்காலியைப் பின்னால் நகர்த்தி, ஏறுகிறவர்களுக்கு வழி விட்டாள்.

வாய் நிறையப் பேசுகிற பெண் வழி விட்டு நிற்பதை அண்ணியால் பார்க்க முடியவில்லை.

இறங்கி வந்து துணியைப் பிடித்தாள். பிடித்த கை அப்படியே நின்றது. மெமோவுக்குப் பயமில்லை. அது வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். காலையில் ஏறிக் குதித்த அவள் எடை ஐம்பத்தெட்டு கிலோ; நாற்காலியும் வாலுவும் சேர்ந்தால் அதைப்போல் மூன்று மடங்கு. அவர் ஏதாவது பார்த்துத்தான் கட்டியிருந்தால்?

"என்னம்மா யோசிக்கிற?" நிமிஷம் இருக்கையிலிருந்து குரல் கொடுத்தார்.

"அண்ணே, கொஞ்சம் கீழ இறங்குங்க."

"எதுக்கு?"

"உங்க வெயிட் வேணும்."

பஸ்ஸில் யாரோ சிரித்தார்கள். நிமிஷம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணி அவர் முகத்தைப் பார்த்தாள். இப்போது மட்டும் இந்த மனிதர் பஸ்ஸை எடுத்துவிட்டால், சந்தேகப்பட்டதற்கு வருத்தப்பட வேண்டிய தொல்லையாவது மிச்சம்.

அவர் இறங்கினார். வஞ்சனையில்லாமல் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு. அண்ணி துணியை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பலகையை விரித்தாள். நிமிஷம் ஏறி நின்றார். கூட்டத்திலிருந்து இன்னும் இருவரைக் கைகாட்டி ஏறச் சொன்னார். மூவருமாக நின்று மேலும் கீழும் அமுக்கிப் பார்த்தார்கள்.

"கல்லு மாதிரி இருக்கு," என்றார் நிமிஷம். "வா பாப்பா. வேடிக்கை பாத்தது போதும்."

வாலு ஏறினாள். அவளுக்கான இடம் நடு வாசலை ஒட்டி, ஜன்னலோரமாக, முன்பக்கம் பார்த்தபடி. அண்ணி நாற்காலியைத் தரைக் கொக்கியோடு பிணைக்கும் பெல்ட்டை எடுத்து மாட்டினாள். மாட்டும்போது வாலு அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இழுத்து மாட்டுங்க அண்ணி," என்றாள் மெதுவாக.

எட்டு இருபத்து நாலுக்கு வாலு கடை வாசலில் இறங்கினாள். நாலு நிமிடத் தாமதத்தை வழியில் எங்கேயோ நிமிஷம் விழுங்கியிருந்தார். மூன்றாவது தாமதம் விழவில்லை. அதற்குச் சந்தோஷப்பட அண்ணிக்கு நேரமில்லை.

காலை நடைகள் முடிந்து பதினோரு மணிக்கு அவள் வீட்டுக்கு வந்தாள். மாலை நடை நாலரைக்குத்தான். வீட்டுக்காரர் தூங்கவில்லை. கூடத்து நாற்காலியில் சட்டை போட்டபடி உட்கார்ந்திருந்தார்.

அண்ணி சிவப்புத் துணியை எடுத்து அவர் முன்னால் மேஜையில் வைத்தாள்.

"நீங்களா சொல்றீங்களா, நான் கேக்கணுமா?"

அவர் துணியை எடுத்து நாலாக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார். "பலகையில ஒண்ணும் இல்ல," என்றார். "அவ போக வேணாம்னுதான் கட்டினேன். பஸ் திரும்பினதும் அவிழ்த்ததும் நான்தான்."

"நீங்களே வேலைக்கு அனுப்பிட்டு நீங்களே காலை வாருவீங்களா? அந்த டிரைவர்மேல வேற பழியப் போட்டீங்க. நானும் நம்பி மூணு நாளா அந்த மனுஷன முறைச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்."

"வேலை போனா போகட்டும். வீட்டுலயே செய்யற மாதிரி ஒண்ணு பாத்துக்கலாம். மூணு தடவை லேட்டானா அவங்களே நிறுத்திடுவாங்க, இவளும் யாரையும் குறை சொல்ல முடியாதுன்னு நெனச்சேன்."

"ஏன்?"

அண்ணி காத்திருந்தாள். பதினோரு வருடம் பஸ்ஸில் நின்றவளுக்குக் காத்திருப்பது பெரிய விஷயமில்லை.

"போன மாசக் கடைசியில ஒரு நாள், சாயங்காலம் வர்றப்ப, எவனோ அவ பின்னால வந்து நின்னிருக்கான்," என்றார் கடைசியில். "கூட்டம். நாற்காலிக்குப் பின்னாடி, மோட்டாரக் கழட்டி விடற கம்பி ஒண்ணு இருக்குல்ல, அதத் தள்ளி விட்டிருக்கான். அதத் தள்ளிட்டா நாற்காலி அவ பேச்சைக் கேக்காது. வெறும் தள்ளுவண்டிதான். பஸ் வேகமெடுக்கறப்பல்லாம் நாற்காலி பின்னால போய் அவன்மேல மோதும். அவன் பிடிச்சுக்குவான்."

கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "நாற்காலிய மட்டும் இல்ல."

அண்ணி அவர் எதிரில் வந்து நின்றாள்.

"எந்த பஸ்ல?"

அவர் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்கறேன்ல. எந்த பஸ்லங்க?"

"உன் பஸ்லதான்."

தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போகும்வரை அண்ணி அப்படியே நின்றாள்.

"அவ உன்னை ரெண்டு தடவை கூப்பிட்டாளாம். இரும்மா, கூட்டமா இருக்கு, வரேன்னு சொன்னியாம். அன்னிக்கு பெல்ட்டும் மாட்டல. மாட்டியிருந்தா நாற்காலி நகர்ந்திருக்காது."

அண்ணிக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஏறும்போதே நெரிசல். பெல்ட்டை அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டது. இறங்கும்போது நாற்காலி ஓடவில்லை. "என்னடி, பேட்டரி தீர்ந்துபோச்சா? சார்ஜ் போடற வேலைகூட நான்தான் பாக்கணுமா?" என்று கிண்டல் செய்தபடி அவளே தள்ளி இறக்கினாள். வாலு, "ஆமா அண்ணி, தீர்ந்துபோச்சு," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா. அண்ணி தாங்க மாட்டாங்கன்னா." அவர் எழுந்தார். "நான் உன்னைக் குறை சொல்லல. ஆனா உன் கண்ணு முன்னாடியே நடக்குதுன்னா, அப்புறம் எந்த பஸ்ஸ நம்பி அனுப்பறது?"

குறை சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு இதைவிடப் பெரிய குறையை யாராலும் சொல்ல முடியாது. அண்ணிக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்ததால் அழுகை பின்னால் போய்விட்டது.

"என்மேல தப்பு. ஒத்துக்கறேன். அதுக்காக? எவனோ ஒருத்தன் கையை நீட்டினான்னு, நீங்க அவளக் கட்டிப்போடறீங்க. அந்தத் துணியை நீங்க பலகையில கட்டலங்க. அவமேல கட்டினீங்க."

"காமிரா இருக்கே, அதப் பாத்து ஆளப் பிடிச்சிடலாம்னு நானும் முதல்ல போய்ப் பாத்தேன். உன் பஸ் காமிரா செத்து நாலு மாசமாகுது."

"அதுக்கு யாரும் சிவப்புத் துணி கட்டலையே," என்றாள் அண்ணி.

சாப்பிடாமலே மாலை நடைக்குக் கிளம்பிவிட்டாள்.

ஐந்து நாற்பதுக்குக் கடை நிறுத்தத்தில் வாலு ஏறினாள். அண்ணி பலகையை விரித்தாள், மடித்தாள், பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். பஸ்ஸில் பாதி இருக்கை காலி. நிமிஷத்திடம், "அண்ணே, நான் கொஞ்ச நேரம் இங்க இருக்கேன்," என்றாள். அவர் கண்ணாடி வழியாகத் தலையாட்டினார். காலையிலிருந்து அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அதற்கு வேறு நாள் பார்க்க வேண்டும்.

வாலு ஜன்னலைப் பார்த்தபடி, "அண்ணன் சொல்லிட்டாரா?" என்றாள்.

"சொல்லிட்டாரு."

"சத்தியம் பண்ணியும் சொல்லிட்டாரா? அவர நம்பி ஒரு பொட்டலம் உப்புகூடக் குடுக்க முடியாது."

பழைய வாலுவின் பேச்சு. ஆனால் குரல் பழைய குரல் இல்லை. அண்ணி எதிர் இருக்கையின் நுனியில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள்.

"என்னை மன்னிச்சிடும்மா. நீ கூப்பிட்டப்ப நான் வந்திருக்கணும்."

"விடுங்க அண்ணி."

"விட மாட்டேன். நாளையிலிருந்து வேணும்னா அண்ணன் கூட வரட்டும். இல்ல, வேற ஏதாவது..."

"அண்ணன் கூட வந்தா அது அண்ணன் பஸ். எனக்கு என் பஸ் வேணும்," என்றாள் வாலு. "இந்த பஸ்ஸையும் விட்டா எனக்கு வீட்டு ஜன்னல்தான் அண்ணி. இருபத்து நாலு வருஷம் பாத்தாச்சு. அந்தத் தெருவுல புதுசா ஒண்ணும் வரல."

அண்ணி தலையாட்டினாள். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"அவன் யாரு? முகம் ஞாபகம் இருக்கா?"

"முகத்தப் பாக்கல. பின்னாடி நின்னான். என்னால திரும்ப முடியாதே."

"சட்டை? செருப்பு? குரல்?"

"பேசவே இல்ல." வாலு முதல் முறையாக அண்ணியின் பக்கம் திரும்பினாள். "ஆனா உங்க முகத்தப் பாத்தேன்."

"என் முகத்தயா?"

"அவன் வந்து நின்னதும், எதுவும் பண்றதுக்கு முன்னாடி, நீங்க முன்னாடியிருந்து டிக்கெட் கேட்டுக்கிட்டே வந்தீங்க. எனக்கு முன்னாடி நின்னவங்ககிட்ட கேட்டீங்க. பக்கத்துல நின்னவங்ககிட்டயும் கேட்டீங்க. எனக்குப் பின்னாடி நின்னவன்கிட்ட மட்டும் கேக்கல அண்ணி. என் தலைக்கு மேல அவனப் பாத்துச் சிரிச்சீங்க. சிரிச்சிட்டுத் திரும்பிப் போயிட்டீங்க."

அண்ணியின் கை தானாக வாலுவின் கையை விட்டது.

டிக்கெட் கேட்காமல் அவள் சிரித்துவிட்டுப் போகிற ஆட்கள் ஒரே வகைதான். டெப்போ ஆட்கள். வழியில் உள்ள பெரிய பஸ் நிலையத்தில் வேலை முடித்துவிட்டு, கையெழுத்துப் போட டெப்போவுக்குத் திரும்புகிற டிரைவர்கள், கண்டக்டர்கள், மெக்கானிக்குகள். எல்லாரிடமும் பாஸ் உண்டு. யாரும் எடுத்துக் காட்டுவதில்லை, யாரும் கேட்பதுமில்லை. கேட்டால் முகத்தில் அடித்த மாதிரி. பதினோரு வருடத்தில் அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

"இத அண்ணன்கிட்ட சொன்னியா?"

"இல்ல. சொன்னா, டெப்போவுல யார் கழுத்தப் பிடிக்கறதுன்னு தெரியாம எல்லார் கழுத்தையும் பிடிப்பாரு. உங்ககிட்ட சொன்னா..." வாலு முடிக்கவில்லை.

முடிக்க வேண்டியதில்லை. சொன்னால் அண்ணியால் இனி யாரைப் பார்த்தும் சிரிக்க முடியாது. அந்த மாலையில் பார்த்துச் சிரித்தது யாரை என்று அவள் கண்ணை மூடி யோசித்துப் பார்த்தாள். வரிசையாக முகங்கள் வந்தன. எல்லாமே அண்ணே, தம்பி என்று கூப்பிட்டுப் பழகிய முகங்கள். எல்லாமே சிரித்தன. அதில் எது அன்றைய சிரிப்பு என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒருத்தன் தன் வீட்டுப் பெண்ணின் பின்னால் நின்றுகொண்டு தன்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறான், தானும் பதிலுக்குச் சிரித்திருக்கிறோம் என்பது மட்டும் தெரிந்தது. அந்தச் சிரிப்பை முகத்திலிருந்து உரித்து எறிய வேண்டும்போல் இருந்தது.

பஸ் நிலையம் வந்தது. முன் வாசலும் நடு வாசலும் திறந்தன. பயணிகள் ஏறி முடித்த பிறகு, வழக்கம்போல் கடைசியாக, சீருடை ஆட்கள் முன் வாசலில் ஏறினார்கள். அண்ணி நாற்காலிக்குப் பக்கத்திலிருந்து எண்ணினாள். ஐந்து பேர்.

முதலில் வந்தவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். கையைத் தூக்கி, போகலாம் என்பது மாதிரி காட்டினார்.

அண்ணி கையை நீட்டினாள். "பாஸ்."

"என்ன?"

"பாஸ எடுங்கண்ணே."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, செக்கிங் வந்திருக்கா? எங்களத் தெரியாதா உனக்கு?"

"தெரியல," என்றாள் அண்ணி. "எல்லாரும் பாஸ எடுத்து என் கையில குடுங்க. பாத்துட்டுத் தரேன்."

பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. முணுமுணுப்போடு பைகள் திறந்தன, பாஸ்கள் ஒவ்வொன்றாக வந்து அண்ணியின் உள்ளங்கையில் விழுந்தன. அவள் ஒவ்வொரு படத்தையும் குனிந்து பார்த்து, கொடுத்தவர் முகத்தோடு ஒப்பிட்டாள். அவளுக்கு அவசரமில்லை.

கடைசிப் பாஸையும் பார்த்து முடித்தபோது கையில் இருந்தவை நாலு. எதிரே நின்றவர்களும் நாலு பேர். அண்ணி பஸ்ஸுக்குள் ஒரு முறை முழுக்கப் பார்த்தாள். நடு வாசல் இன்னும் திறந்தே கிடந்தது.